கோலம் கோணுதா, கண்ணு கோணுதா?

போன இதழ்ல கண்புரை பத்தி எழுதினதுக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் உக்காந்து பார்த்தா பாதிக்கு மேல கண்புரையே இல்லீங்க. "நரம்பு தேஞ்சு போச்சுன்னாங்க", "கண்ணுக்குப் பின்னாடி ஏதோ கசியுதாம்", "மாக்குலாவாம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்"னு ஒரே வியாதிக்கு ஆளுக்கு ஒரு பேர் வெச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரி சீட்டுல ஏஎம்டின்னு மூணு எழுத்து இருக்கும், ஏஜ் ரிலேட்டட் மாக்குலர் டிஜெனரேஷன், வயசானா விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுப்போறதுன்னு வெச்சுக்கங்க. இந்தத் தடவ முழுக்க அதுதான். நான் டாக்டர் இல்ல, ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வை கொறஞ்சவங்களுக்கு லென்ஸ், பூதக்கண்ணாடி எல்லாம் பழக்கி விடுற வேலை, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊசி மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை உங்க ரெட்டினா டாக்டரோடதுதான், ரெட்டினான்னா விழித்திரை.

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயசு. எதிர்வீட்டு அக்கா வந்து நேருக்கு நேர் நின்னாலும் யாருன்னு கேக்குறாங்க, அந்த அக்கா கோவிச்சுக்கிட்டு இப்பல்லாம் வர்றதே இல்ல. ஆனா சமையக்கட்டுல பூனை நுழைஞ்சா ஹால்ல இருந்தே சத்தம் போடுறாங்க, கீழ விழுந்த ஒரு ரூபாய எடுத்துக் கொடுக்குறாங்க. அம்மா நடிக்கிறாங்கன்னு என் வீட்டுக்காரர் முடிவே பண்ணிட்டார். நெசமாவே தெரியாதா?
(வாசகி, காரைக்குடி)

நெசமாவே தெரியாதுங்க. பூனையும் நெசம், அக்கா முகம் தெரியாததும் நெசம். இந்த வியாதியோட கூத்தே இதுதான், இதனால எத்தன வீட்டுல சண்டைன்னு எண்ணி மாளாது.

கண்ணுக்குள்ள பின்பக்கச் சுவர் முழுக்க விழித்திரை ஒட்டியிருக்கு, அதுல நட்டநடுவுல குறுக்க அஞ்சு மில்லிமீட்டர் சொச்சம் ஒரு வட்டம், அதுக்குப் பேர்தான் மாக்குலா. எழுத்து படிக்கிறது, ஊசில நூல் கோக்குறது, மொகத்த அடையாளம் கண்டுபிடிக்கிறது, அரிசியில கல்லு பொறுக்குறது எல்லாம் அந்தத் துளியூண்டு இடத்து வேலை. மிச்ச விழித்திரைக்கு நுணுக்கம் தெரியாது, ஆனா சுத்துவட்டாரத்துல என்ன இருக்கு, எது அசையுதுன்னு நல்லாத் தெரியும். அத்தைக்குக் கெட்டது நடு, ஓரம் பத்திரமா இருக்கு. பூனை ஓரத்துல அசைஞ்சுச்சு, மாட்டிக்கிச்சு. காசும் அப்படித்தான், நேரா பாத்திருக்க மாட்டாங்க, கடைக்கண்ணுல பளிச்சுன்னு பட்டிருக்கும். அதையே கையில வாங்கி ஒரு ரூபாயா ரெண்டு ரூபாயான்னு நேரா பார்த்தா காசு மறைஞ்சிரும்.

உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை சொல்றேன். பழைய கண்ணாடி ஒண்ணு எடுத்து ரெண்டு லென்ஸ்லயும் நடுவுல பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அத மாட்டிக்கிட்டு டிவி பாக்கச் சொல்லுங்க. கதாநாயகி பொடவை தெரியும், கம்மல் தெரியும், மூஞ்சி இருக்காது. அதுலயும் அவர் கண்ண அப்படி இப்படி ஓட்டி பொட்டத் தாண்டிப் பாத்துக்கலாம், அவங்க அம்மாவுக்கு அந்தப் பொட்டு கண்ணோடயே கூட வரும், எங்க பார்த்தாலும் அங்க வந்து உக்காரும். இன்னொண்ணு, கறுப்பாத்தான் தெரியும்னு இல்ல. நிறைய பேருக்குப் பொக மூட்டம் மாதிரி, அழிச்ச மாதிரி, சில பேருக்கு மூளையே அக்கம்பக்கத்து நிறத்த வெச்சு ஒட்டு போட்டுக்கும், அதனால என்ன தெரியலன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியாது, "ஒரு மாதிரி இருக்குப்பா"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

எதிர்வீட்டு அக்காகிட்ட நீங்களே போய் விஷயத்தச் சொல்லிடுங்க. வாசல்ல வரும்போதே "நாந்தான் வந்திருக்கேன் பெரியம்மா"ன்னு குரல் கொடுத்தாப் போதும், குரல் வெச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க.

கேள்வி: கண் பரிசோதனை சீட்டில் "டிரை" என்று எழுதியிருந்தார்கள். கண் உலர்ந்து விட்டது என்று நினைத்து ஆறு மாதமாகச் சொட்டு மருந்து போடுகிறேன். பலன் இல்லை.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

ஐயா, இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல, பேர் வெச்சவங்க மேலதான் தப்பு. கண்ணு காஞ்சு உறுத்துறது வேற, அது கண்ணுக்கு வெளிப்பக்கம். உங்க சீட்டுல இருக்குற டிரை, மாக்குலா சிதைவுல ஒரு வகை, அது கண்ணுக்கு உள்ள பின்னாடி. சொட்டு மருந்து அங்க போய்ச் சேரவே சேராது.

விழித்திரைக்கு அடியில ஒரு வரிசை செல்லுங்க தினமும் துப்புரவு வேலை பாக்குது, பார்க்கிற செல்லுங்க கழிச்சுப் போடுற குப்பைய அள்ளுறதுதான் அதுங்க வேலை. வயசாக ஆக அள்ள முடியாம குப்பை தங்கி மஞ்ச மஞ்சயா புள்ளி கட்டும், டாக்டருங்க அத டுரூசன்னு சொல்லுவாங்க. புள்ளி பெருசாகி பக்கத்துல இருக்குற செல்லுங்க மெல்ல மெல்ல செத்துக்கிட்டே வந்தா அது டிரை. நூத்துல 85, 90 பேருக்கு இதுதான், வருஷக் கணக்குல நிதானமாப் போகும். மிச்சப் பேருக்கு அடியில இருந்து புதுசா ரத்தக் குழாய் மொளைச்சு, அது நல்ல குழாயும் இல்ல, கசியும், ரத்தம் கொட்டும். அது வெட். எண்ணிக்கையில கம்மி, ஆனா பார்வை படுமோசமாப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த வெட் ஆளுங்கதான். நம்ம ஆசியாக்காரங்களுக்கு இதுலயே குழாய் முனையில குட்டிக் குட்டி பலூனா உப்புற ஒரு ரகம் கொஞ்சம் அதிகம், பிசிவின்னு எழுதிருந்தா அது.

டிரை எந்த நாளும் வெட்டா மாறலாம். சொட்டு மருந்த நிறுத்திட்டு அடுத்த கேள்விக்கான பதிலப் படிங்க, அது உங்களுக்கும்தான்.

கேள்வி: காலைல கோலம் போடுறப்ப நடுப்புள்ளி வரிசை மட்டும் வளைஞ்சு தெரியுது. அழிச்சு அழிச்சுப் போட்டேன், மக வந்து பார்த்துட்டு நேராத்தான் இருக்குங்குறா. வெளக்குக் கம்பம்கூட இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்கு. கண்ணாடி பவர் மாத்தணுமா?
(வாசகி, மயிலாடுதுறை, வயசு 67)

அம்மா, கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க. ரெட்டினா டாக்டர்கிட்ட போங்க, அடுத்த மாசம் இல்ல, இந்த வாரம், முடிஞ்சா நாளைக்கு. இந்த இதழ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க நம்பருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், மத்தவங்களுக்காகத்தான் இங்க எழுதுறேன்.

பவர் மாறினா கோடு மங்கும், வளையாது. நேர்கோடு வளைஞ்சா உள்ள தண்ணியோ ரத்தமோ கசிஞ்சு விழித்திரைய மேல தூக்குதுன்னு சந்தேகப்படணும், டேபிள்ல ஒட்டின ஷீட்டுக்கு அடியில காத்துக் குமிழி நின்னா மேல இருக்குற கட்டம் எல்லாம் எப்படிக் கோணுமோ அப்படி. வெட் வகையில இதுதான் முதல் அறிகுறி, வாரக் கணக்குல தழும்பாயிரும், தழும்பானதுக்கப்புறம் எந்த மருந்தும் திருப்பித் தராது.

எங்க வீட்டுக் கதையச் சொல்றேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. எங்க அம்மாவுக்கு ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரிஞ்சிருக்கு, ஊர்ல ஒரு கண்ணாடிக் கடையில மூணு மாசத்துல ரெண்டு தடவ கண்ணாடி மாத்திக் கொடுத்திருக்காங்க. இதே தொழில்ல இருக்குற பொண்ணு நான், தினமும் போன் பேசுறேன், சாப்பிட்டியா மாத்திரை போட்டியான்னு கேட்டேனே தவிர கண்ணப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தீபாவளிக்குப் போனப்பதான் கண்டுபிடிச்சேன், இடது கண்ணுல நடு போயே போச்சு. வலது கண்ண மட்டும் காப்பாத்த முடிஞ்சது.

ஏன் அம்மாவுக்கே தெரியலன்னா ரெண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண்ணு கெட்ட கண்ணோட குறைய மூடி மறைச்சிரும். அதனால பரிசோதனை எப்பவும் ஒத்தக் கண்ணு, ஒரு கண்ண உள்ளங்கையால மூடணும், அழுத்தக் கூடாது. இதுக்குன்னே 1940கள்ல ஸ்விட்சர்லாந்து கண் டாக்டர் மார்க் ஆம்ஸ்லர் ஒரு கட்டத்தாள் கொண்டு வந்தார், 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ள அரை சென்டிமீட்டர் கட்டமா 400 கட்டம், நடுவுல ஒரு புள்ளி. படிக்கிற கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு அடி தூரத்துல பிடிச்சு நடுப்புள்ளியையே பாக்கணும், கோடு எங்கயாவது வளையுதா, கட்டம் காணாமப் போகுதான்னு கவனிக்கணும். தாள் இல்லையா, பாத்ரூம் டைல்ஸ், கிரில் கேட், தேதி கிழிக்கிற காலண்டர் எதுவா இருந்தாலும் சரி. பல்லு விளக்குற மாதிரி ஒரு பழக்கமா ஆக்கிட்டா அரை நிமிஷம்.

கேள்வி: அப்பாவுக்கு வெட் ஏஎம்டி. கண்ணுக்குள்ள ஊசின்னு சொன்னதும் எழுந்து வெளிய வந்துட்டார். அதுவும் ரெண்டு மருந்து சொன்னாங்க, விலை குறைச்சல் மருந்து கேன்சருக்குக் கொடுக்கிறதாம். சீப்பா ஏதோ தள்ளி விடுறாங்களோன்னு இருக்கு. எத்தன ஊசி போடணும்?
(வாசகர், ஈரோடு)

கண்ணுக்குள்ள ஊசின்னா யாருக்கா இருந்தாலும் வயித்தக் கலக்கும், அப்பாவத் திட்டாதீங்க. என்ன நடக்கும்னு வரிசையாச் சொல்லிட்டா பாதி பயம் போயிரும். முதல்ல மரத்துப்போக சொட்டு மருந்து. அப்புறம் அயோடின் விட்டுக் கழுவுவாங்க, நிறைய பேர் ஊசிய விட இந்த அயோடின் எரிச்சலத்தான் சொல்லுவாங்க. இமை மூடாம இருக்க சின்னக் கிளிப். அப்புறம் கருவிழி ஓரத்துல இருந்து மூணரை, நாலு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில தலைமுடி மாதிரி ஊசி, மருந்து 0.05 மில்லி, ஒரு சொட்டுதான். ஒரு அழுத்தம் தெரியும், முடிஞ்சது. மருந்தோட காத்துக் குமிழி போனா ஒண்ணு ரெண்டு நாள் கறுப்பு உருண்டை மிதக்கும், வெள்ளையில செவப்பா ரத்தத் திட்டு இருக்கும், ரெண்டுக்கும் பயப்பட வேணாம். பயப்பட வேண்டியது எதுக்குன்னா, ரெண்டு மூணு நாள்ல வலி ஏறிக்கிட்டே போய் பார்வை கொறஞ்சா உள்ள கிருமி போயிருக்கலாம், ஆயிரக்கணக்கான ஊசியில ஒண்ணுல நடக்குறதுதான், ஆனா ராத்திரின்னாலும் காத்திருக்காம ஓடணும்.

மருந்து விஷயம் சுவாரஸ்யமானது. புதுக் குழாய் மொளைக்கச் சொல்லித் தகவல் அனுப்புற புரதத்துக்கு விஇஜிஎஃப்னு பேர். கட்டிக்கும் ரத்தக் குழாய் வேணும், அதனால அந்தப் புரதத்த அடக்குற அவாஸ்டின் 2004ல அமெரிக்காவுல பெருங்குடல் கேன்சர் மருந்தா வந்துச்சு. அடுத்த வருஷமே கண் டாக்டருங்க அதத் துளியூண்டு எடுத்துக் கண்ணுக்குள்ள போட்டுப் பாத்தாங்க, வேலை செஞ்சது. அதே கம்பெனி கண்ணுக்குன்னே செஞ்ச லூசென்டிஸ் 2006ல வந்தது, விலை பல மடங்கு. அந்த லூசென்டிஸ் ஆராய்ச்சியில மாசாமாசம் ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு மேல பார்வை பெருசாக் கெடாம நின்னுச்சு, ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு நல்லாவே கூடுச்சு. அதுக்கு முன்னாடி கெடறத மெதுவாக்குறதே பெரிய விஷயம். அப்ப விலை கம்மி மருந்து மட்டம்தானேன்னு எல்லாரும் கேட்ட கேள்விக்கு அமெரிக்க அரசாங்கமே காசு போட்டு ரெண்டையும் சுமார் 1,200 பேர்கிட்ட ஒப்பிட்டுப் பாத்துச்சு, 2011ல முடிவு வந்தது, பார்வை விஷயத்துல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைக்கல. அதனால உங்க டாக்டர் தள்ளி விடல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கங்க, அவாஸ்டின் பாட்டில் கேன்சர் அளவுக்குப் பெருசு, அதப் பல சிரிஞ்சாப் பிரிக்கணும், அந்தப் பிரிக்கிற வேலை எங்க எவ்வளவு சுத்தமா நடக்குதுன்னு. அதுக்கப்புறம் ஐலியா, இன்னும் இடைவெளி விட்டுப் போடுற புது மருந்துங்க, 2015ல நம்ம நாட்டுக் கம்பெனி லூசென்டிஸ் மாதிரியே செஞ்சு விலை கொறைச்ச மருந்துன்னு நிறைய வந்தாச்சு.

எத்தன ஊசி? வழக்கமா முதல் மூணு மாசம் மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் விழித்திரையப் படம் எடுக்குற ஓசிடி ஸ்கேன் பாத்து இடைவெளிய நீட்டிக்கிட்டே போவாங்க, வருஷக் கணக்குலயும் ஆகலாம். இது சர்க்கரை, பிரஷர் மாதிரி அடக்கி வெக்கிற வேலை. எங்க கிட்ட பார்வை போய் வர்றவங்கள்ல ஊசி வேலை செய்யாதவங்கள விட மூணு ஊசியில நல்லாத் தெரியுதே, எதுக்கு வீண் செலவுன்னு நின்னவங்கதான் எனக்கு அதிகமா ஞாபகம் இருக்காங்க. ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட ஒரு வருஷச் செலவு மொத்தம் எவ்வளவுன்னு கேட்டு, அதுக்குத் தகுந்த மருந்த எடுங்க. ஒசத்தி மருந்துல ரெண்டு போட்டு நிறுத்துறதுக்கு விலை கம்மி மருந்த ஒழுங்கா முடிக்கிறது எவ்வளவோ மேல்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் பேரன் ஏரெட்ஸ் 2 மாத்திரை அனுப்புகிறான். எனக்கு டாக்டர் சொன்னது. வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாமா?
(வாசகர், சேலம்)

வேண்டாம். ஏரெட்ஸ் 2ங்குறது இந்த வியாதிக்குன்னு சேத்த விட்டமின், துத்தநாக மாத்திரை. வியாதி நடுக்கட்டத்துல இருக்கிறவங்களுக்கும் ஒரு கண்ணுல முத்திப்போனவங்களுக்கும் மட்டும்தான் பலன் தெரிஞ்சது, முத்துற வாய்ப்ப அஞ்சு வருஷத்துல ஏறக்குறைய கால்வாசி குறைச்சுது. போன பார்வை வராது, நல்ல கண்ணுக்கு வராமலும் தடுக்காது. 2001ல வந்த பழைய ரகத்துல பீட்டா கரோட்டின் இருந்துச்சு, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கூடும்னு 2013ல அத எடுத்துட்டு லூட்டீன் 10 மில்லிகிராம், சியாக்சாந்தின் 2 மில்லிகிராம் சேத்தாங்க. டப்பாவுல 2 இருக்கான்னு பாத்துக்கங்க. அந்த லூட்டீன் கீரையிலயும் முட்டை மஞ்சக்கருவுலயும் இருக்கு, பொன்னாங்கண்ணிய கண்ணுக்கு நல்லதுன்னு நம்மாளுங்க சொன்னது சும்மா இல்ல, வீட்டுல எல்லாருக்கும் அதக் கொடுங்க. பீடி சிகரெட் யாராவது பிடிச்சா அத நிறுத்துறதுதான் எல்லா மாத்திரையையும் விடப் பெருசு.

கேள்வி: ராத்திரி போன் பாத்தா மாக்குலா போயிடுமா? ப்ளூ லைட் கண்ணாடி வாங்கணுமா?
(வாசகர், சென்னை)

போன் பாத்து இந்த வியாதி வந்ததா நிரூபணம் இல்ல. காச மிச்சம் பண்ணுங்க. தூக்கம் கெடுறது தனிக்கதை.

கேள்வி: கண்புரை ஆபரேஷன் செய்து ஒசத்தி லென்ஸ் வைத்தும் அம்மாவால் பேப்பர் படிக்க முடியவில்லை. லென்ஸ் தப்பா?
(வாசகி, தஞ்சாவூர்)

லென்ஸ் சரியாத்தான் இருக்கும். தியேட்டர்ல புரொஜக்டர மாத்திட்டாங்க, திரை கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் வீண் இல்ல, வெளிச்சம் உள்ள போறதுக்காவது ஆகும், ஆனா இத முன்னாடியே ஸ்கேன் பண்ணிப் பாத்துச் சொல்லியிருக்கணும். விழித்திரைய ஒரு தடவ ரெட்டினா டாக்டர் பாக்கட்டும்.

கேள்வி: பாட்டிக்கு ரெண்டு கண்ணும் மங்கல். ஒரு மாசமா சுவர் ஓரத்துல பாவாடை கட்டின சின்னப் புள்ளைங்க வரிசையா நிக்குறாங்கன்னு சொல்றாங்க. மந்திரிச்சும் பாத்தாச்சு. மனநோயா?
(வாசகி, பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

பாட்டிகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க, அந்தப் புள்ளைங்க பேசுதா, நெசம்னு நெனக்கிறீங்களா. "பேசாதுடி, நெசம் இல்லன்னு எனக்கே தெரியும், ஆனா நிக்குதே"ன்னு சொன்னாங்கன்னா இது பெரும்பாலும் சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம். ஜெனீவாவுல அந்தப் பேர் கொண்ட அறிஞர் 1760ல தன்னோட தாத்தாவுக்கு ஆன அனுபவத்த எழுதி வெச்சார், பார்வை கொறஞ்ச தாத்தாவுக்குப் புத்தி தெளிவா இருக்கு, ஆனா கண்ணு முன்னாடி ஆளுங்க, பறவைங்க, கட்டடம் எல்லாம் வந்து வந்து போச்சு. கண்ணுல இருந்து படம் வர்றது நின்னதும் மூளை சும்மா இருக்காம தானா படம் போட்டுக்குது, அவ்வளவுதான். லைட்டப் போடுங்க, கண்ண இடம் வலமா நாலஞ்சு தடவ வேகமா ஓட்டச் சொல்லுங்க, நிறைய பேருக்குக் கலைஞ்சிரும். மருந்தோட பக்கவிளைவு, மறதி நோய் எதுவும் இல்லன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவ உறுதி பண்ணிக்கங்க. இதச் சொன்னா பைத்தியம்னு சொல்லிருவாங்கன்னு வாயத் தெறக்காமலே இருக்குற பெரியவங்க எத்தனையோ பேர், உங்க பாட்டி சொன்னதே பெருசு.

கேள்வி: "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று அனுப்பி விட்டார்கள். இருட்டில் உட்கார வேண்டியதுதானா?
(வாசகர், வயது 79, விருதுநகர்)

ஐயா, முதல்ல இருட்டு வராது. இந்த வியாதியால மட்டும் முழுக் குருடு ஆகுறதில்ல, வீட்டுக்குள்ள நடமாட, தெருவுல ஆள் வர்றது தெரிய ஓரப்பார்வை இருக்கும். ஊசியால ஒண்ணும் செய்ய முடியாதுங்குறது வேற, ஒண்ணுமே செய்ய முடியாதுங்குறது வேற. இதுக்குன்னே லோ விஷன் பிரிவு இருக்கு, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி பெரிய கண் ஆஸ்பத்திரிங்கள்ல கேளுங்க.

நான் முதல்ல சொல்லிக் கொடுக்கிறது பாக்குறதுக்கே ஒரு புது வழி. என் மூஞ்சியப் பாக்காதீங்க, என் காதப் பாருங்கம்பேன். ஒருத்தர் அப்படிப் பார்த்துட்டு "அட, மூக்குத்தி போட்டிருக்கியேம்மா"ன்னார், அதுக்கு முன்னாடி அஞ்சு தடவ வந்து போனவர். நடு கெட்டா அதுக்குப் பக்கத்துல நல்லா இருக்குற இடத்த வெச்சுப் பாக்கப் பழகணும், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பக்கம் ஒத்து வரும். சில வாரம் தலைவலிக்கும், திட்டுவாங்க, அப்புறம் பழகிரும்.

வெளிச்சத்தக் கூட்டுங்க, மேல இருக்குற டியூப்லைட் பத்தாது, தோளுக்குப் பின்னால இருந்து பேப்பர் மேல விழுற மாதிரி தனி லைட். நிறம் எடுப்பா இருக்கணும். வெள்ளைத் தட்டுல இட்லி வெச்சு எங்க இருக்குன்னு தடவ விடாதீங்க, வாழை இலையில வைங்க, பச்சையில வெள்ளை பளிச்சுன்னு தெரியும். சில்வர் டம்ளர்ல பால் எதுவரைக்கும் ஊத்தினோம்னு தெரியாது, கருநீலக் கப் வாங்குங்க. படிக்கட்டு ஓரத்துல மஞ்ச டேப். காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டு, ராத்திரி அட்டைக்கு ரெண்டு. லைட் வெச்ச பூதக்கண்ணாடி இருக்கு, போன்ல டாக்பேக்க ஆன் பண்ணினா திரையில இருக்குறதத் தமிழ்லயே வாசிச்சுக் காட்டும். மாற்றுத்திறனாளி சான்று வாங்கினா யுடிஐடின்னு ஒரு அடையாள அட்டை கிடைக்கும், கேக்கத் தயங்காதீங்க. வண்டி ஓட்டுறத மட்டும் நிறுத்திடுங்க.

கேள்வி: அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா? வயது 52.
(வாசகி, கோயம்புத்தூர்)

வந்தே தீரும்னு இல்ல, வாய்ப்பு மத்தவங்கள விடக் கூட. இதுல முக்கியமான ஒரு ஜீன 2005லயே கண்டுபிடிச்சாச்சு, ஆனா டெஸ்ட் எடுத்து வெச்சுக்கிட்டு இப்போதைக்குப் பெருசா மாத்திக்க ஒண்ணும் இல்ல. கண்ணுல மருந்து விட்டு விழித்திரையப் பாக்குற பரிசோதனைய இப்பவே ஒண்ணு பண்ணிக்கங்க, அன்னிக்கு ஸ்கூட்டர்ல போகாதீங்க, திரும்பி வரும்போது கண்ணு கூசும். எனக்கும் அம்மா வழி இதுதான், போன மார்கழியில பாத்துக்கிட்டேன். ரெண்டு மூணு மஞ்சப் புள்ளி இருக்காம், சின்னதுதான், வருஷா வருஷம் வான்னாங்க. காலண்டர்ல தேதி கிழிக்கும்போது ஒரு கண்ண மூடிப் பாக்குறேன், அப்புறம் இன்னொண்ணு.